பூக்கொடி வீட்டுக்குப் பக்கத்து வீடு

"பூக்கொடி வீட்டுக்குப் பக்கத்து வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஸ்டேஷன்லேர்ந்து நேரா கொண்டாந்து விட்டிருப்பேனுங்களே!" என்றார் ஜட்கா வண்டிக்காரர் இப்ராஹிம்.

வண்டியிலிருந்து இறங்கிய கல்யாணத் தரகருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நீடாமங்கலம் முழுவதையும் வெயிலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருந்தார்.

வாசலில் நின்ற துரைக்கண்ணுவின் முகம் சுண்டிப் போயிற்று. "மிராசு வீடுன்னு சொல்லலையா நீர்?"

"சொன்னேன். எந்த மிராசுன்னு கேக்குறாரு. நில உச்சவரம்பு வந்தப்புறம் ஊருல அப்படி யாரும் இல்லையாமே!"

"அய்யா கோவிச்சுக்கக் கூடாது," என்றார் இப்ராஹிம். "இப்பல்லாம் இந்தத் தெருவுக்கே அடையாளம் அந்தக் கொடிதான்."

அந்தக் கொடி. துரைக்கண்ணுவின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருந்த அந்த ரங்கூன் மல்லி. பக்கத்து வீட்டு மதிலை மேலிருந்து கீழ்வரை மூடி, ஒரே கொத்தில் வெள்ளையும் ரோஸும் சிவப்புமாகப் பூத்துத் தொங்கியது. ஐப்பசி மழையும் அதை அழுக வைக்கவில்லை, அக்னி வெயிலும் காய வைக்கவில்லை. வருஷம் முழுக்கப் பச்சை.

வேறு யார் வீட்டு மதிலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பார். அது வேம்பு டீச்சர் வீடு. டீச்சரின் அம்மா காத்தாயி அவருடைய வயலில் நாற்று நட்டவள். நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட கோபத்தில் தனக்குச் சொந்தமான பக்கத்து மனையைத் துரைக்கண்ணு யாரோ ஒரு வெளியூர்க்காரருக்கு விற்றார். அவர் அதை வேம்பு டீச்சருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். நிலம் போனதற்குக் கூட ஒரு வருஷத்தில் மனசு ஆறிவிட்டது. மிராசு வீடு என்ற பேர் போய் 'பக்கத்து வீடு' ஆனதுதான் ஆறவில்லை. ஒளிப்பானேன், பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அவரும் ஆசைப்பட்டுத் தஞ்சாவூரில் ஒரு கொடி வாங்கி வந்து நட்டவர்தான். முதல் பூ சாயங்காலம் வெள்ளை வெளேரென்று மலர்ந்தது. காலையில் பார்த்தால் ரோஸ். மறுநாள் சிவப்பு. அறுப்புக் கூலி கேட்டு ஆட்கள் வரப்புக்கு வரப்பு சிவப்புக் கொடி நட்டிருந்த சமயம் அது.

"என் வீட்டுக்குள்ளேயே செங்கொடியா?" என்று குதித்தார். பண்ணையாள் மருதையனைக் கூப்பிட்டு, "பிடுங்கி எறிடா!" என்றார்.

"பூத்து நிக்கிறதைப் போய்..." என்று அவர் மனைவி தர்மாம்பாள் ஆரம்பித்தாள்.

"இன்னிக்குப் பூ, நாளைக்கு ஊர்வலம்!" என்று அடக்கிவிட்டார்.

அன்று அவர் வேண்டாமென்று எறிந்த அதே வகைக் கொடிதான் இன்று பக்கத்து வீட்டு மதிலில் ஏறி நின்று அவரைப் பார்த்துச் சிரித்தது.

தரகர் மோர் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். தாராசுரத்துப் பையன், பாங்கில் வேலை. ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள்.

துரைக்கண்ணு விரல் விட்டு நாள் எண்ணினார். மகள் பிரகதாம்பாளுக்கு இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. இது தட்டக் கூடாது. அதே சமயம், சம்பந்தி வீட்டார் வேம்பு வீட்டு மதிலை விசாரித்துக்கொண்டு தன் வாசலுக்கு வரவும் கூடாது.

"ஏ தர்மு, அந்தக் கொடிக்கு ஒரு வழி பண்றேன் பாரு."

கழுநீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு மதிலோரத்து வைக்கோல் போருக்குப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்த தர்மாம்பாள் நின்றாள். "அது உங்களை என்னங்க பண்ணுச்சு?"

"மாட்டுத் தொட்டி இங்கல்ல இருக்கு? நீ எங்க போறே?"

"தாகம் மாட்டுக்கு மட்டுமா?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போனாள்.

முதல் வேலையாக டீச்சரிடம் போய், இலை உதிர்ந்து தன் கிணற்றில் விழுவதாகப் புகார் சொன்னார். சண்டைக்குத் தயாராகத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் போனார்.

டீச்சர் சண்டை போடவில்லை. "வெட்டுறதுன்னா தாராளமா வெட்டுங்கய்யா. இதுக்குப் போய் எங்களைக் கேக்கணுமா?" என்றாள்.

அவளுக்கு இன்னும் கொஞ்சம் பயம் இருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மருதையனை விட்டு மதிலுக்கு மேலே இருந்ததையெல்லாம் மொட்டையடித்தார். ஒரு வாரம் மதில் மொட்டையாகத்தான் நின்றது. பிறகு ஒரு மழை பெய்தது. வெட்டின இடத்திலெல்லாம் இரண்டு இரண்டாகத் துளிர் கிளம்பி, முன்னைவிட இரண்டு பங்கு பூத்தது.

"நல்லா கவாத்து பண்ணியிருக்கீங்க அய்யா!" என்று போகிறபோக்கில் இப்ராஹிம் பாராட்டிவிட்டுப் போனார்.

துரைக்கண்ணு பல்லைக் கடித்தார். குறுவைக்கு வாங்கி வைத்திருந்த யூரியா மூட்டையைக் காட்டி, "இதை அள்ளிக் கொண்டுபோய்க் கொடி அடியில கொட்டு. அளவுக்கு மீறினா வேர் கருகிடும்," என்றார் மருதையனிடம்.

மருதையன் தலையைச் சொறிந்தான். "எந்தப் பக்கத்துலங்க கொட்டுறது?"

"இதென்னடா கேள்வி! டீச்சர் பக்கந்தான்!"

"சரிங்க," என்றான் மருதையன். சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து அவன் சொன்னதை மட்டும் செய்வான். கேட்காததைப் பேச மாட்டான்.

அவன் கொட்டிவிட்டு வந்த கையோடு வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் வந்து டீச்சர் தோட்டம் முழுக்கப் பாய்ந்தது. கொடியில் ஒரு இலை கூட வாடவில்லை. கொஞ்ச நாளில் டீச்சர் ஒரு கூடைக் கத்தரிக்காயோடு வாசலில் வந்து நின்றாள்.

"உரம் குடுத்தனுப்பிச்சீங்களாமே, ரொம்ப நன்றிங்க அய்யா. இந்தச் செடியில இப்படிக் காச்சதே இல்ல."

தர்மாம்பாள் எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தாள். துரைக்கண்ணு கோபத்தோடு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பெண் பார்க்கும் நாள் நெருங்கியது. இனி அழிக்க முடியாது, மறைக்கத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். மதிலுக்கு மேலே மூங்கில் நட்டு, ஆள் உயரத்துக்குக் கீற்றுத் தட்டி கட்டினார். அந்தப் பக்கம் பூக்கிறது இந்தப் பக்கம் தெரியாதல்லவா?

கொடிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! பிடித்து ஏற ஒரு தட்டி கிடைத்த குஷியில் விறுவிறுவென்று ஏறி, உச்சியைத் தொட்டு, இந்தப் பக்கமும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் பூத்துத் தள்ளியது.

"இப்ப ரயில்லேர்ந்தே தெரியுதுங்க!" என்றார் இப்ராஹிம் ஆனந்தமாக.

ஆவணியில் தாராசுரத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வழியெல்லாம் யாரையும் விசாரிக்க வேண்டியே இருக்கவில்லையாம். பிள்ளையின் அப்பா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பிள்ளையின் அம்மாவோ ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்தவள், வெளியே பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

பிரகதாம்பாள் காபித் தட்டோடு வந்து நின்றாள். அந்த அம்மாள் திரும்பவில்லை.

"என்ன அழகுங்க அந்தக் கொடி! பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கே. அது யாரு வீடு?"

துரைக்கண்ணுவுக்கு நெஞ்சு எரிந்தது. பெற்ற பெண் பட்டுப்புடவையோடு எதிரில் நிற்கிறாள். அவளைப் பார்க்காமல் வேம்பு வீட்டு மதிலைப் பார்ப்பதா?

"அழகா? அதுலயா?" என்று ஆரம்பித்தார். "வெளியில பாக்கத்தாங்க அழகு. உள்ளுக்குள்ள பூரா பாம்பு! அண்டாத பாம்பு இல்ல."

"ஐயையோ!" அந்த அம்மாள் ஜன்னலைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, காபி ஆறுது," என்றாள் தர்மாம்பாள் கதவோரத்திலிருந்து.

"நீ சும்மா இரு. விஷயம் தெரிஞ்சவன் எவனும் அதை வீட்டுல வைக்க மாட்டான். போன மாசம்கூட ஒண்ணை அடிச்சாங்க, இத்தாம் பெரிசு."

"ஏங்க..." தர்மாம்பாள் கதவைவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"சும்மா இருன்னேன்ல? நல்ல குடும்பம் எதுவும் அந்தக் கொடிய வளக்காதுங்க. அதை வளக்கிற வீட்டுல போய் ஒருத்தன் பொண்ணு எடுப்பானா? நீங்களே சொல்லுங்க!"

"எடுப்போமா? எடுக்கவே மாட்டோம்!" என்று பிள்ளையின் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையின் அம்மா இப்போதுதான் திரும்பிப் பிரகதாம்பாளை நன்றாகப் பார்த்தாள். பார்த்தவள் முகம் மலர்ந்தது. பிள்ளை ஏற்கெனவே மலர்ந்துதான் இருந்தான். "எங்களுக்குப் பிடிச்சிருக்கு. தட்டு மாத்திக்கலாமா?" என்றார் பிள்ளையின் அப்பா.

துரைக்கண்ணுவுக்கு இத்தனை நாளாக எரிந்த வயிறு ஒரே நிமிஷத்தில் குளிர்ந்தது. கொடியையும் கவிழ்த்தாயிற்று, கல்யாணமும் கூடிவிட்டது. எழுந்து வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் கொல்லை வழியாக வேம்பு டீச்சர் உள்ளே வந்தாள். கையில் ஒரு தாம்பாளம் நிறைய, வெள்ளையும் ரோஸும் சிவப்புமாகப் பூ.

பிள்ளையின் அம்மா காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டாள். "ஏம்மா, படிச்ச பொண்ணா இருக்கே. பாம்பு அண்டுற கொடிய வீட்டுல வளக்கலாமா?"

டீச்சர் ஒன்றும் புரியாமல் துரைக்கண்ணுவைப் பார்த்தாள், தர்மாம்பாளைப் பார்த்தாள்.

"நான் எங்கங்க வளக்குறேன்? பூக்குறது மட்டுந்தான் எங்க பக்கம். அய்யா பிடுங்கி எறிஞ்ச கொடிய வைக்கோல் போருக்குப் பின்னால ஊனிவச்சு, இத்தனை வருஷமா கழுநீர் ஊத்தி வளக்குறது இந்த வீட்டு அம்மாதானே!"