இரும்பைக் கண்டால் ஆகாதவர்

பூட்டு செய்கிற ஊரில் பிறந்துவிட்டு, இரும்பை ஜென்ம விரோதியாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் காந்தம்தான். வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

திண்டுக்கல்லுக்கு எம்.ஆர்.ஐ. மெஷின் வந்த புதிது. பௌதிகமும் ஒரு டிப்ளமோவும் முடித்த சூட்டோடு நான் அந்த ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். மைக்செட் தொழிலை விட்டுவிட்டு வந்த அவர் வாசல் ஆள். ஓட்டை ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, உள்ளே போகிற எல்லோரையும் தலை முதல் கால் வரை தடவித்தான் விடுவார். உள்ளே இருப்பது ராட்சதக் காந்தம்; சாவிக்கொத்துகூட அங்கே தோட்டாவாகிவிடும்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலிக்கொடியில் ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள். காந்தம் கூச்சத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டே சொல்வார்: “தாயி, தங்கம் இருக்கட்டும். கூட இருக்கிற இரும்பு மட்டும் இறங்கட்டும்.”

ஒருநாள் மெஷின் கம்பெனி அதிகாரி சென்னையிலிருந்து வந்தார். காந்தம் அவரையும் மறித்தார்.

“யோவ், இந்த மெஷினை வித்ததே நான்தான்யா.”

“வித்தீங்க சார். அது அதுக்குத் தெரியாதுல்ல.”

அதிகாரி அவரைத் தள்ளிவிட்டு நுழைந்தார். சட்டைப் பையிலிருந்த பேனா அவருக்கு முன்னால் பறந்துபோய் மெஷினில் ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து பெல்ட்டைக் கழற்றிக் காந்தத்திடம் கொடுத்துவிட்டு, பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடியே மீதி ஆய்வை முடித்தார்.

அப்படிப்பட்ட காந்தத்தை ஒரு பூக்காரம்மா ஆட்டிவைத்தார்.

சேவுகம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர். குனிந்து குனிந்து பூப்பறித்த முதுகு. இரண்டு கால்களும் மரத்துக்கொண்டே வந்தன. ‘படம் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன், தள்ளிப்போட்டால் நடை போய்விடும்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூக்காரம்மாவோ இரண்டு தடவை குழாய்க்குள் போய், இரண்டு தடவையும் அலறி வெளியே வந்துவிட்டார்.

மூன்றாம் தடவை நான் விளக்கத்தில் இறங்கினேன். “ஒண்ணும் பயமில்லைம்மா. உங்க உடம்புல இருக்கிற ஹைட்ரஜனைத்தான்...”

“ஹைட்ரஜனா? அது குண்டுல்ல?”

கட்டிலை விட்டே இறங்கப் பார்த்தார்.

“ஏலே அப்பு, நீ செத்த நேரம் சும்மா இரு” என்றார் கதவுக்கு வெளியே நின்ற காந்தம். “யக்கா, ரேடியோவுல முள்ளைத் திருப்புவோம்ல, சரியான இடத்துக்கு வந்தாத்தான பாட்டு வரும்? உங்க உடம்புல இருக்க தண்ணியும் அப்பிடித்தான். சரியான ஸ்டேஷன்ல கூப்பிட்டா பதில் பேசும். அதத்தான் இந்தப் பய படமாப் பிடிக்கிறான். அம்புட்டுத்தான்.”

மூன்று வருஷம் கல்லூரியில் படித்த ஒத்ததிர்வுப் பாடம் மூன்று மூச்சில் முடிந்தது.

“அதெல்லாஞ் சரி தம்பி. உள்ள தனியா மூடுனாப்புல இருக்கே.”

“நானும் வாரேன்.”

அதுவரை அவர் அந்த அறைக்குள் காலே வைத்ததில்லை. அவருடைய காந்தத்தை வாங்கி அவரையே தடவினேன். டவுசர் பையில் ஒட்டியது. பதினோரு ஊக்குகள். யார் விட்டுப்போனவை என்று தெரியாமல், தூக்கிப்போடவும் மனசில்லாமல் வைத்திருந்தாராம். அரைஞாண் கயிற்றிலிருந்த சாவியும் வெளியே வந்தது.

“இதுல அஞ்சு ரவுண்டு சத்தம் வரும்க்கா, உறுமி கணக்கா. ஒவ்வொண்ணு முடியவும் கால் கட்டைவிரல ஒரு அமுக்கு அமுக்குவேன். அஞ்சு அமுக்கு ஆச்சுன்னா வீட்டுக்கு. அதுவரைக்கும் அசையக் கூடாது.”

தலை உள்ளே போனது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலருகே அவர் நின்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தால், அவருக்குத்தான் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர்தான் துள்ளினார். விரலை மட்டும் விடவில்லை.

படங்கள் பளிச்சென்று வந்தன. நரம்பை முதுகெலும்புத் தட்டு அழுத்துகிற இடம் எனக்கே தெரிந்தது. அந்த வாரமே ஆபரேஷன். அம்மா பிறகு தானே பஸ் ஏறிப் போனார்.

அன்றைக்கு ஐந்தாவது சத்தம் ஓய்ந்ததும் கதவைத் திறந்து, “முடிஞ்சிருச்சுண்ணே, கைய எடுங்க” என்றேன்.

“சத்தம் போடாத அப்பு” என்று கிசுகிசுத்தார். “அக்கா அசந்து தூங்கிருச்சு.”

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, மெஷின் கொஞ்சம் ஆற வேண்டும் என்று அவர்களிடம் பொய் சொன்னேன்.