நாலுவீல் பாயின் ஹாரன்

இந்தப் பூமியில் ரோடு போட்ட எவனையும் மதிக்காத ஒரே மனிதர் நாலுவீல் பாய்தான். தார் ரோட்டைக் கண்டால் அவருக்கு முகம் சுளித்துவிடும். "இதுல யாருதான் ஓட்ட மாட்டாக? கழுதையை உக்கார வச்சாலும் ஓட்டிப்புடும் தம்பி" என்பார். காரைக்குடியிலிருந்து கல்லலுக்கு நல்ல ரோடு இருக்கும்போது, ஓடை, பொட்டல், கருவேலங்காடு என்று புகுந்து போய்விட்டு, ரேடியேட்டரில் ஒரு முள்கிளையோடு திரும்பி வருவார். கேட்டால் குறுக்கு வழி என்பார். அந்தக் குறுக்கு வழிக்கு அரைநாள் ஆகும்.

அறுபதுகளின் கடைசியில் நான் மானகிரி ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, நிறைய மூட்டை, நான். அதை ஒட்டினாற்போல் பாயின் மெக்கானிக் ஷெட். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். முன்பக்கப் பல்சக்கரமெல்லாம் தேய்ந்துபோன யுத்த காலத்து ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து, முன் சக்கரங்களுக்கும் திரும்ப இழுக்கிற சக்தி வருகிற மாதிரி பண்ணுவதற்காக மதுரைக்கும் திருச்சிக்கும் பல்சக்கரம் தேடி அலைந்தவர். கடைசியில் அது வேலை செய்த அன்று, ரோட்டில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "மத்த வண்டிக்கு ரெண்டு வீலுதான் இழுக்கும். நம்ம வண்டிக்கு நாலு வீலும் இழுக்கும்" என்று சொன்னார். உப்பு விற்கிறவரிடம்கூடச் சொன்னார். அன்றிலிருந்து நாலுவீல் பாய்.

இத்தனைக்கும் காரணம் அவருடைய கல்யாணம்.

பெண் வீடு கல்லலுக்கு அங்குட்டு, ஒரு பெரிய கண்மாய்க்கு அக்கரையில். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், சண்டைக்கு வந்துவிடுவார்கள். மழைக்காலத்தில் சேறு இழுக்கும், கோடையில் மணல் இழுக்கும், மாட்டுவண்டியைத் தவிர எதையும் அந்தக் கண்மாய் விடாது. நிக்காஹ் முடிந்து பெண்ணை அழைத்துவர பாய் ஒரு வாடகை பிளஷர் காரைக் கொண்டுபோயிருக்கிறார். அது கண்மாய்க்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது. கல்யாணப் பட்டோடு ஜொகரா முழங்கால் சேற்றில் நடந்து வந்து, செருப்பில் ஒன்றைக் கண்மாய்க்குக் கொடுத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு புகுந்த வீட்டுக்குள் நுழைந்தாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறு வருஷம் பெருநாளுக்குத் தாய்வீடு போனவளைத் திரும்ப அழைக்க, பாய் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்தே போனார். வாசலில் நின்ற அவள் அண்ணன் பெண்சாதி, அதாவது மதினி, நல்ல வாய்க்காரி. "என்னடி ஜொகரா, உங்க வீட்டுக்காரரு இந்த வட்டம் காரைத் தலையில சொமந்துக்கிட்டு வந்திருக்காகளா?" என்று கேட்டுவிட்டாள். வீடே சிரித்தது. ஜொகராவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"வாசல்ல மோட்டார் வண்டி வந்து நிக்கட்டும், ஏறுறேன். இல்லாட்டி இங்குட்டே இருந்துக்கிறேன்" என்றாள்.

பாய் விடுவாரா? "வண்டியில்லாம இந்த வாசலை மிதிச்சா என்னைய ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

சொன்ன இரண்டு பேருக்கும் மறுநாளே மனசு மாறிவிட்டது. ஊர் கூடி நிற்கும்போது சொன்ன சொல்லைத்தான் மாற்ற முடியவில்லை. அப்புறம்தான் இந்த ஜீப்.

நாலு வீலும் இழுத்தும் ஜீப் முதல் ஓடையிலேயே புதைந்தது. டயர் சின்னது என்றார். லாரி டயரை மாட்டினார். டயர் வண்டியின் உடம்பில் உரசியது. லாரியின் வில்பட்டைகளை வைத்து உடம்பைத் தூக்கினார். இப்போது உரசவில்லை. ஆனால் ஜீப் எழும்பி நின்ற உயரத்தைப் பார்த்து, பக்கத்து டீக்கடைக்காரர், "பாய், இதுக்குக் கண்டக்டர் வேணாம், தென்னை ஏறத் தெரிஞ்ச ஆளு வேணும்" என்றார். சந்தைப்பேட்டை வளைவில் திரும்பும்போது அது ஒரு பக்கமாகச் சாயும். எதிரே வருகிற சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று, அது நிமிர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

முள்ளில் மோதி மோதி முன்பக்கத் தகரம் நசுங்கிப் போனதால், இடித்த வீடு ஒன்றிலிருந்து பர்மாத் தேக்கில் ஒரு கட்டை வாங்கி வந்து முன்னால் பூட்டினார். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் இரும்பைவிடத் தேக்கு சுலபமாகக் கிடைக்கும். நிலைவாசலின் மேல்கட்டை அது. அளவுக்கு அறுத்தபோது ஒரு ஓரத்தில் முழுத் தாமரையும் மறு ஓரத்தில் பாதி அன்னமும் நின்றுவிட்டன. ஆசாரி பதறிப்போய், "அன்னத்துக்கு வாலு இல்லாமப் போச்சே பாய்" என்றார். "வாலு பின்னாலதான வேணும், இது முன்பக்கம்" என்று பாய் சொல்லிவிட்டார்.

பிறகு கிணற்று ராட்டினத்தையும் வடத்தையும் வைத்து முன்னால் ஓர் இழுவை செய்தார். வண்டி புதைந்தால் வடத்தை மரத்தில் கட்டிச் சுற்ற வேண்டும், ஜீப் தானாக மரத்துப் பக்கம் ஏறிவந்துவிடும் என்பது ஏற்பாடு. வெள்ளோட்டத்துக்கு நானும் போனேன். ஒரு மொட்டைப் பனையில் கட்டினோம். இரண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்கச் சுற்றினோம். ஜீப் அசையவில்லை. பனைமரம்தான் மெதுவாக எங்கள் பக்கம் வந்தது. "ஓடுங்க தம்பி!" என்று பாய் கத்தியதும்தான் எனக்கு உறைத்தது. மரத்துக்குச் சொந்தக்காரர் வந்து ஒரு மணி நேரம் ஏசினார். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மரம் வந்துச்சுல்ல, அப்ப இழுவை நல்லாத்தான் வேலை செய்யிது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

சிரிப்பாகத்தான் சொல்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை அந்தக் கண்மாய்க்கு இக்கரையில் அவரைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வராது.

ஜும்மா தொழுகை முடிந்ததும் வண்டியை எடுப்பார். ஒவ்வொரு வாரமும் கண்மாய்க்குள் கொஞ்சம் இறங்குவார், ஏதாவது ஓர் இடத்தில் மாட்டுவார். அங்கிருந்து பார்த்தால் அக்கரையில் பள்ளிவாசலின் வெள்ளைச் சுவரும் நாலைந்து ஓட்டுக்கூரைகளும் தெரியும். எது அவள் வீடு என்று எனக்குக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் காட்டுவார். நானும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பேன். லாரியிலிருந்து கழற்றிய ரப்பர் உருண்டை ஹாரன் ஒன்றை வண்டியின் இடப்பக்கம் மாட்டியிருந்தார். அதை மூன்று தரம் அமுக்குவார். பாம், பாம், பாம். தண்ணீர் மேல் அந்தச் சத்தம் நன்றாகப் போகும்.

"கேக்குமா பாய்?"

"கேக்கும் தம்பி. கேக்காம என்ன? எந்த எடத்துல மாட்டியிருக்கேன்னுகூட அவளுக்குத் தெரியும். போன வாரத்துக்கு இந்த வாரம் கிட்டக்க வந்திருக்கேன்ல."

அப்புறம் ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே அக்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தைப் பார்த்தால், எனக்குக் கல்யாணமே ஆகாத அந்த வயதில், யாருக்காகவாவது இப்படி ஏங்க வேண்டும் என்று பொறாமையாக இருக்கும்.

அவள் போன இரண்டாவது வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டது. தண்ணீரிலும் போகிற மாதிரி வண்டியைப் பண்ணிவிட வேண்டும் என்று பாய் ஷெட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தார். இன்ஜின் மூச்சு வாங்குவதற்கு ஒரு குழாய், புகை விடுவதற்கு ஒரு குழாய், இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் கட்டினார். கரண்ட் போகிற இடத்தையெல்லாம் கிரீஸ் தடவி சைக்கிள் டியூப்பால் சுற்றினார். மூச்சுக்குழாய் மேலே ஏறுகிற இடத்தில் ஹாரன் இடைஞ்சலாக இருந்தது. கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டார்.

"ஹாரனை வேற பக்கம் மாட்டலையா பாய்?"

"வாசலுக்கே போகப்போறேன், ஹாரன் எதுக்கு தம்பி? கதவைத் தட்டிக்கிறேன்."

இப்படிச் சில வெள்ளிக்கிழமைகள் அவர் கண்மாய்ப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் காலையில் எல்லாம் முடிந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, பிஸ்மில்லா சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். புகைக்குழாய் மின்கம்பியில் இடிக்காமல் போக வேண்டுமே என்று நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் போய் இரண்டு மணி நேரம் இருக்கும். ஆபீஸ் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு. கையில் ஒரு துணிப்பை, செருப்பு இரண்டும் பைக்குள். மூச்சு வாங்கியது.

"அண்ணே, இங்க நாலுவீல் பாயின்னு ஒருத்தக. அவுக நல்லா இருக்காகளா?"

எனக்கு யாரென்று புரிந்துவிட்டது. "நல்லா இருக்காரும்மா, அதுக்கு என்ன?" என்றேன்.

"ஹாரன் கேக்கலையே" என்றாள். "வாராவாரம் கேக்கும். இப்பக் கொஞ்ச நாளா ஒண்ணும் கேக்கல. காய்ச்சலோ, வண்டி கவுந்துருச்சோ, என்னத்தை ஆச்சோன்னு எனக்கு இருப்புக் கொள்ளல. பெத்த அத்தாகிட்டக்கூடச் சொல்லாம, கண்மாயில இறங்கி நடந்து வந்து கல்லல்ல பஸ் ஏறிட்டேன். எங்க அவுக?"

"உன்னைய அழைக்கத்தாம்மா போயிருக்காரு."

அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். பெஞ்சில் கிடந்த ஹாரனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஜீப் வந்தது. கூரைவரை சேறு, பாதி அன்னத்தின் கழுத்தில் ஆகாயத்தாமரைக் கொடி. பாய் முகம் செத்துப்போயிருந்தது. இறங்கியவர் அவளைப் பார்த்தார். இரண்டு வருஷம் கழித்துப் பெண்சாதியைப் பார்த்த மனிதர் என்ன கேட்டார் தெரியுமா?

"உன்னைய யாரு வரச் சொன்னது?"

"நீங்க ஏன் ஹாரன் அடிக்கல?"

"வாசலுக்கே வந்துட்டேன் புள்ள. வண்டி எங்கயும் நிக்கல. தண்ணிக்குள்ள பூந்து ஏறி, உங்க வாசல்ல கொண்டுபோயி நிறுத்திட்டேன். ஊரே பாத்துச்சு. உங்க மதினி வாயைத் தொறக்கல. நீதான் இல்ல" என்றார். அந்தப் பெரிய மீசை ஒரு பச்சைப்பிள்ளை உதடு மாதிரி துடித்தது.

ஜொகரா ஹாரனைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து துணிப்பையை எடுத்தாள்.

"அண்ணே, கல்லலுக்கு அடுத்த பஸ் எப்ப?"

நான் திடுக்கிட்டுப்போனேன். "எங்கம்மா போற?"

"ஊருக்கு. மச்சான், நாளைக்கு வெள்ளன வாங்க. வாசல்ல நிக்கிறேன்."

பாய் தடுமாறிவிட்டார். "கிறுக்கச்சியா நீ? அதான் வந்துட்டேல்ல. இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டு..."

"இருந்துட்டா அப்புறம் எனக்குத் திரும்பக் காலு வராது மச்சான். நீங்க இம்புட்டும் செஞ்சது எதுக்கு? நான் நடந்து வந்தேன்னு ஆகிப்போச்சுன்னா அந்த வண்டிக்கு என்ன மதிப்பு?"

"அப்ப நானே ஜீப்புல கொண்டுபோயி விடுறேன்."

"நல்லா இருக்கே! உங்க வண்டியில போயி இறங்கிட்டு, உங்க வண்டி வருதான்னு பாத்துக்கிட்டு நிக்கிறதாக்கும்? ஊரு சிரிக்கவா?"

நான்தான் அவளை பஸ் ஏற்றிவிட்டேன். அந்தச் சேற்றில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லி இரண்டு வருஷம் புருஷனைப் பிரிந்திருந்த பெண், ஒரே நாளில் அதே சேற்றில் இரண்டாவது தரம் நடந்து போனாள்.

மறுநாள் பாய் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் கொடுத்த வேலை, பின்னால் உட்கார்ந்து பாரமாக இருப்பது. தண்ணீர் காலடிப் பலகைக்கு மேல் வந்தது, நான் மூட்டை மாதிரி உருண்டேன், எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். வண்டி நிற்கவில்லை. வாசலில் ஜொகரா புதுச்சேலை கட்டி, எங்களை இரண்டு வருஷமாகப் பார்க்காதவள் போலவே நின்றாள். முந்தினநாள் சமாச்சாரம் யாருக்கும் தெரியாத மாதிரி அவள் அத்தாவும் நின்றார்.

எல்லாம் சரி. ஏறப்போனாள். கால் எட்டவில்லை. சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம், இன்னொரு தரம் பார்த்தாள். ஊர் முழுக்க நிற்கிறது. எத்தனையோ யோசித்த பாய், அவள் உயரத்தை யோசிக்கவில்லை. நான் மதினியைப் பார்த்தேன். போச்சு, ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

மதினி வீட்டுக்குள் போனாள். ஒரு மர உரலை உருட்டிக்கொண்டு வந்து, ஜீப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டாள். "ஏறுடி, மகாராணி. உன் புருஷன் பல்லக்குக் கொண்டாந்திருக்காக" என்றாள். சொல்லிவிட்டு, உரல் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜொகரா உரலில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். பாய் ஹாரனை மூன்று தரம் அமுக்கினார். ராத்திரியோடு ராத்திரியாக அதை வலப்பக்கம் மாட்டியிருந்தார் மனிதர்.

எழுபதுகளின் நடுவில் அந்த ஊருக்குத் தார் ரோடு வந்துவிட்டது. ஊரெல்லாம் வெடி போட்டுக் கொண்டாடியபோது பாய் மட்டும், "கெடுத்துட்டானுக தம்பி" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஆனால் பெருநாளுக்குப் பெருநாள் ஜொகரா ரோட்டு வழியாகப் போகச் சம்மதித்ததே கிடையாது. கண்மாய்க்குள்ளேதான் போவார்கள். பின்சீட்டில் அந்த உரல் கிடக்கும்.

அதற்கப்புறம் எனக்கு வேலை மாறி மெட்ராஸ் வந்துவிட்டேன். இங்கே எல்லாப் பக்கமும் ரோடு, எந்நேரமும் ஹாரன். ஆனாலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் காது தானாகத் தெற்கே போகிறது. பாயின் ஹாரன் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டதே, என்ன ஆனாரோ, இறங்கி நடந்தாவது ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று இருக்கிறது.