டெக்சஸில் பிறந்த ஜப்பான்காரனும் நானும்

வாக்குவாதத்தில் வெல்வது எனக்குக் கைவந்த கலை. அதனால் இன்றுவரை ஒரு பிரயோசனமும் கண்டதில்லை என்பதையும் உடனேயே சொல்லிவிடுகிறேன். ஒருமுறை நன்றாக வென்று, என் கல்யாணத்தையே குழப்பப் பார்த்தேன்.

அமெரிக்கா கனடாவுக்கு வரி போட்டதிலிருந்து ரொறன்ரோவில் ரின்னில் அடைத்த தக்காளி வாங்குகிறவர்கள்கூட அதைத் திருப்பி, எந்த நாட்டில் செய்தது என்று பார்த்துத்தான் கூடையில் போடுகிறார்கள். நான் எதையாவது திருப்பினால் மட்டும் என் மனைவி சுதா பறித்து வைத்துவிடுவாள். "நீர் இவ்வளவு நாளும் வாசிச்சது காணும்" என்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் நான் ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் வோபர்னில் இருந்துகொண்டு வீடுகளுக்குக் கூரை போடும் வேலை செய்தேன். வேலைக்கென்று ஒரு பிக்கப் ட்ரக் வாங்கினேன். ஜப்பான் கொம்பனிப் பிக்கப். (வாங்கிய அன்றே கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தேன். ஐயர் பூசிவிட்ட சந்தனம் அழிந்துவிடும் என்று கனநாள் வண்டியைக் கழுவவில்லை.) அதே காலத்தில்தான் சுதாவும் நானும் கல்யாணம் செய்வதென்று முடிவெடுத்தோம். சம்மதிக்க வேண்டிய ஆள் ஒருவர்தான் மிச்சம். அவளுடைய அப்பா.

அவர் ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் இருந்தார். ஓஷாவாவில் ஒரு வட அமெரிக்கக் கார்க் கொம்பனியின் தொழிற்சாலையில், கார் பொருத்தும் வரிசையில் நெடுங்கால வேலை. அவர்களுடைய தொழிற்சங்க மண்டபத்து வளவுக்குள் வெளிநாட்டுக் கொம்பனி வாகனங்களை நிறுத்த விடமாட்டார்கள். அந்தச் சட்டத்தை அவர் தன் வீட்டு ட்ரைவ்வேக்கும் கொண்டுவந்திருந்தார். அவருடைய சொந்தத் தம்பியே காரைத் தெருவில் விட்டுவிட்டுத்தான் நடந்து வருவாராம்.

"அப்பாவோட என்னவும் கதையும்," என்று சுதா படித்துப் படித்துச் சொன்னாள். "கிரிக்கெட் கதையும், பொலிட்டிக்ஸ் கதையும். ட்ரக் மட்டும் வேண்டாம். ப்ளீஸ், ஐ ஆம் சீரியஸ்."

"எனக்கென்ன விசரே? நான் ஏன் அதைக் கதைக்கப்போறன்," என்றேன்.

அப்போதே எனக்கு விசர்தான். 401 நெடுஞ்சாலையில் அஜக்ஸ் போய்ச் சேர்வதற்குள் முழு வாதத்தையும் மனதுக்குள் தயார் செய்துவிட்டேன். தெருவில் வேண்டிய அளவு இடம் இருந்தது. நான் நேரே ட்ரைவ்வேயில் ஏற்றி, அவருடைய பிக்கப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன்.

அவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். முதலில் வண்டியைப் பார்த்தார், பிறகுதான் என்னை.

"வாரும் தம்பி. வண்டியை மட்டும் றோட்டில விட்டுட்டு வாரும். இஞ்ச ஃபொறின் வண்டி விடுறேல்லை."

புத்தியுள்ளவன் 'ஓம் அங்கிள்' என்றுவிட்டு ரிவேர்ஸ் எடுத்திருப்பான். நான் சொன்னது இது:

"இது ஃபொறின் இல்லை அங்கிள். டெக்சஸில செய்தது."

"கொம்பனி ஆற்றை?"

"கொம்பனி ஜப்பான்காரன்ர தான். ஆனா வண்டி பிறந்தது இந்தக் கண்டத்தில. பிறந்த இடம்தானே அங்கிள் முக்கியம்?"

"லாபம் எங்க போகுது?"

"சம்பளம் எங்க போகுதெண்டு பாருங்கோவன்."

அவர் பின்னால் வாசலில் நின்ற சுதா கண்ணால் கெஞ்சினாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வாகனத்தின் முன்கண்ணாடிக்குள், கீழ் மூலையில் செசி நம்பர் இருக்கும் என்றும், அதன் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே பிறந்த நாடு தெரியும் என்றும் விளக்கம் கொடுத்தேன். என்னுடையதில் ஐந்து, அது அமெரிக்கா. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இப்ப உங்கட வண்டியைப் பாப்பம் அங்கிள்."

"அதை ஏன் பாக்கிறீர்? அது நாங்கள் செய்த வண்டி."

நான் அதற்குள் குனிந்துவிட்டேன்.

"மூண்டு," என்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன். "மெக்சிக்கோ, அங்கிள்."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முன்கண்ணாடித் தூசியைக் கையால் துடைத்து, தானே குனிந்து பார்த்தார்.

"முந்தி இதை எங்கட பிளாண்டிலதான் செய்தது," என்றார் மெதுவாக. "பிறகு மெக்சிக்கோவுக்குக் கொண்டு போனவங்கள். ஒரு ஷிப்ட் அப்பிடியே போயிட்டுது. என்னோட பக்கத்தில நிண்ட பெடியள் எல்லாம் வேலை போய் வீட்டை போயிட்டாங்கள். இது எங்கட கடைசி லொட்டில வந்ததெண்டு சொல்லித்தான் டீலர்காரன் வித்தவன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. தன்னோடு நின்றவர்களின் கை பட்டது என்று நம்பி அந்த மனிதர் வைத்திருந்த வண்டி அது. பெண் கேட்க வந்தவன் நம்பர் வாசித்து அதைக் கெடுத்துவிட்டேன். சுதாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இனி இந்தக் கல்யாணம் நடக்காது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

உள்ளே போய் உட்கார்ந்தோம். போடாத டிவியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சுதாவின் அம்மா தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டு வந்தார். அவர் அதுவரை அடுப்படியில் நின்றவர், வெளியே நடந்தது ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்த பிள்ளையை எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி எந்த ஊர்?"

"கொக்குவில், அன்ரி," என்றேன், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

"கொக்குவில் எவடம்?"

"ஸ்டேசனடி."

"கடைசியா எப்ப யாழ்ப்பாணம் போனீர்?"

"இன்னும் போகேல்லை அன்ரி."

"ஒருக்காலும் போகேல்லையோ?"

"நான் பிறந்தது இஞ்சதான், ஸ்காபரோவில."

டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த தலை மெல்லத் திரும்பியது.

"பிறந்த இடம்தானே தம்பி முக்கியம்?" என்றார் அங்கிள்.

முதலில் சிரித்தவள் சுதா. பிறகு அவர். கையிலிருந்த தேத்தண்ணி வேட்டியில் ஊற்றுண்ட பிறகும் சிரித்தார். நான் ரோல்ஸை வாயில் வைத்தபடி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தேன். அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"உதென்ன பழக்கம்? கொக்குவில் ஆக்களெண்டா உங்களுக்குச் சிரிப்போ?"

"இல்லையப்பா, நல்ல ஆக்கள்," என்று கண்ணைத் துடைத்தார் அவர்.

"அங்கிள், வண்டியை றோட்டில விட்டுட்டு வாறன்," என்று எழும்பினேன்.

"இரும், இரும். அது அங்கயே நிக்கட்டும்," என்றார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அன்றோடு நான் சொந்த ஊர் சொல்லும் உரிமையை இழந்தேன். போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கல்யாண வீட்டில், எங்கள் மேசையில் இருந்த முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னமே, இப்போது மாமாவாகிவிட்ட அங்கிள் முந்திக்கொண்டார்.

"கொம்பனி கொக்குவில். அசெம்பிளி ஸ்காபரோ," என்றார். பிறகு என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "ஓட்டம் நல்லம் அண்ணை. ஹோர்னைத்தான் நிப்பாட்டேலாது."