தொப்பையைத் தேடிப் போன இடத்தில்

செல்ல மகளுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான் நலம்; முழங்கால் மட்டும் அதில் சேராது. அங்கு நீயும், உன்னோடு தங்கியிருக்கும் அம்மாவும் நலம்தானே? இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

வெள்ளத்தில் உன் பூனை தொப்பையைக் காணவில்லை. என்னை நம்பி நீ விட்டுப்போன ஒரே ஜீவன்! பதறாதே, உனக்கும் சேர்த்து நானே பதறிக்கொண்டிருக்கிறேன். மீட்ட பிராணிகளைப் பள்ளிக்கூடத்தில் வைத்து வைத்தியம் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். வாசலில் ஒரு தொண்டர் பெண் மறித்தாள்.

"அறுபது தாண்டினவங்களைத் தொண்டுக்குச் சேர்க்கிறதில்லை சார்."

"தொண்டுக்கு யாரும்மா வந்தா? பூனையைத் தேடி வந்தேன்."

"அப்படின்னா வாங்க. கிடைக்கிற வரைக்கும் தினம் வரலாம். ஆனா சும்மா நிக்காம கூடமாட உதவி செய்யணும்."

உள்ளே போய் "தொப்பை, தொப்பை" என்று கூப்பிட்டேன். பூனை வரவில்லை, கால்நடை டாக்டர்தான் திரும்பி முறைத்தார். அவர் வயிறு அப்படி. ஓர் ஆட்டை என் கையில் கொடுத்து, "அசையாம பிடிங்க, ஊசி போடணும்" என்றார். ஆடு அசையவில்லை, நான்தான் கிடுகிடுவென்று நடுங்கினேன். அன்று தொட்டுப் பதினொரு நாளாகக் கூண்டு கழுவுகிறேன், வாத்துக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறேன், போதாக்குறைக்கு ஆறாம் வகுப்பு அறையில் கால் ஒடிந்த கறுப்பு நாய் ஒன்று, வேறு யார் சாப்பாடு வைத்தாலும் முகர்ந்துகூடப் பார்க்காமல் என் செருப்புச் சத்தத்துக்குக் காத்துக் கிடக்கிறது, "நீங்க வரலைன்னா இது பட்டினிதான் சார்" என்று அந்தப் பெண் வேறு தினமும் மிரட்டுகிறாள், எல்லாம் என் தலையெழுத்து! ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்துவிட்டேன். தொப்பையை மட்டும் காணோம். உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அவசரப்பட்டு லீவு போட்டுக் கிளம்பி வராதே. கிடைத்த மறுநிமிஷம் அதை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவேன். அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல். நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தூக்கம் தொலைத்த அப்பா

பி.கு.: மறைக்க மனசு கேட்கவில்லை. தொப்பை நாலு நாளைக்கு முன்னாடியே கிடைச்சாச்சு. டாக்டரே தூக்கிக்கொண்டு வந்து, "இதுவா பாருங்க சார்" என்றார். வாலில் அதே வெள்ளைப் புள்ளி. ஆமாம் என்றால் மறுநாளே என்னை வாசலில் நிறுத்திவிடுவார்கள். கறுப்பன் இன்னும் காலை ஊன்றவில்லை. "இது இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். தொப்பைக்கு ஒரு குறையும் இல்லை, வேளாவேளைக்குப் பால் நானே ஊற்றுகிறேன். கறுப்பனுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் பத்தே நாள், பொறுத்துக்கொள்ளம்மா. ஆனால் நான் அந்தப் பொய்யைச் சொன்னபோது தொப்பை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அசல் உங்கம்மாவேதான்.