ஏழுக்கு அடுத்தது பத்து

பதிவேட்டில் உள்ள வரிசை எண்ணை மாற்றவோ சுருக்கவோ எந்த ஊழியருக்கும் அதிகாரம் இல்லை. அலுவலக நடைமுறையின் அரிச்சுவடி இது. முப்பது வருடம் அதைப் பிறருக்கு ஓதிய நான்தான், ஒரே காலையில் இரண்டு படகுகளை இல்லாமல் செய்தேன்.

2006 வாக்கில், காரைக்கால் மீன்வளத் துறை அலுவலகத்தில், ரூபி என்ற கணினி மொழியைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தேன். (அலுவலகத்தில் வேறு வேலை இல்லையா என்று கேட்காதீர்கள்.) மீன்பிடித் தடைக்காலம் முடியுமுன் பதினாறு விசைப்படகுகளைச் சோதிக்க வேண்டும், சோதனை முடியாத படகு கடலுக்குப் போக முடியாது. டோக்கன் வரிசைப்படி ஆளைக் கூப்பிட நானே ஒரு நிரல் எழுதினேன்.

001, 002 என்று எழுத்தாக வருவதை எண்ணாக மாற்ற இரண்டு வழி. ஒன்று இளகிய மனம்: எதைக் கொடுத்தாலும் முடிந்தவரை எண்ணாக்கிவிடும். மற்றது கறார்: பிசகினால் திருப்பி அனுப்பும். நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று சொல்லவேண்டுமா? திரும்பி வந்தவற்றைத் தள்ளுபடி செய்யவும் ஒரு வரி சேர்த்தேன்.

அந்தக் கறாருக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் பூஜ்யம் நின்றால், எட்டெட்டாக எண்ணும் கணக்கு என்று எடுத்துக்கொள்ளும். அதில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. 010 என்றால் எட்டு. புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

சோதனை நாளில் ஏழு வரை ஒழுங்காகப் போயிற்று. "எட்டு!" என்றேன். பட்டினச்சேரி கலியபெருமாள் எழுந்தார். திரையிலோ பத்தாம் டோக்கன்காரர் பெயர்.

"நாந்தாங்க எட்டு."

"உங்க டோக்கன் தள்ளுபடி. எட்டுன்னு நம்பரே இல்லங்குது."

"அப்ப ஒம்போது?"

"அதுவும் இல்ல."

"ஏழுக்கு அப்புறம் என்னதாங்க வரும்?"

"பத்து," என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்து.

"சார் எந்தப் பள்ளிக்கூடத்துலங்க படிச்சீங்க?"

கூடமே சிரித்தது. நான் விதிகளைச் சொல்லி வாதாடி முடிப்பதற்குள் சோதனை இன்ஜினியர் மற்ற படகுகளை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுசோதனைக்கு மேலிடத்து அனுமதி வேண்டும். கலியபெருமாளுக்கு மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். புகார் என் மேல். பரிந்துரைத்துக் கையெழுத்திட்டதும் நான்.

தடை நீங்கியது. மற்ற படகுகள் மீனோடு திரும்பின; அந்த இரண்டும் கரையில் கிடந்தன. கலியபெருமாள் தினமும் அலுவலகம் வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் நான் கோட்டுச்சேரியில் இன்ஜினியர் வீட்டுக்கே போய்க் கெஞ்சி அவரை அழைத்து வந்தேன். எந்த விதியிலும் இல்லாத வழி அது. படகுகள் மறுநாள் விடியலில் கடலேறின.

இன்றும் என் மனைவி தேங்காய் எண்ணினால், ஏழு வந்ததும் நிறுத்தி என்னைப் பார்ப்பாள்.

மேலிடத்துப் பதிலும் வராமல் இல்லை: "மேற்படி படகுகள் உடனடியாகக் கடலுக்குச் செல்ல அனுமதிக்கப்படுகின்றன." அடுத்த வருடத் தடைக்காலம் அன்று காலைதான் தொடங்கியிருந்தது. தேதி, ஏப்ரல் 15.