நாலாவது கியர் விஷயமாக வெர்னா அத்தைக்கு

பென் யான், நியூயார்க்
மே 14, புதன்கிழமை

அன்பும் மரியாதையும் உரிய வெர்னா அத்தைக்கு, அண்ணன் மகள் லூயெல்லா எழுதுவது.

நம் ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. இங்கே அனைவரும் சுகம், அம்மாவின் இடது முழங்காலையும் புள்ளிப் பசுவையும் தவிர. மழை போதும் போதும் என்கிற அளவு பெய்துவிட்டது. புல் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு இரண்டு பெஞ்சு அதிகம் போட வேண்டியிருந்தது. அங்கே மாமாவும் எட்டுக் குழந்தைகளும் நலமா? ஒன்பதாவது வரும் சமயம் உதவிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பும்படி கேட்டிருந்தீர்கள். அந்தப் பெண் நான்தான். வருகிற செவ்வாய்க்கிழமை வாடகை வேனில் மிசூரிக்குப் புறப்படுகிறேன். சந்தோஷமாக வருகிறேன் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் அண்ணன் (இன்றைக்கு அவரை அப்பா என்று எழுதக் கை வரவில்லை) போன மாதமே தீர்மானம் சொல்லிவிட்டார். டிராக்டர் கிடைத்தால் லூயெல்லா வீட்டில் இருந்து புல் வாரட்டும், தங்கை எட்னா மிசூரிக்குப் போகட்டும். கிடைக்காவிட்டால் புல் வேலையைக் கூலிக்கு விட்டுவிடலாம், லூயெல்லா போகட்டும். எனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பேன், அது வேறு விஷயம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்த பிறகு இரண்டு கோடை காலம் டைட்டஸ் அண்ணனின் சிவப்பு டிராக்டரில் புல் வாரியவள் நான். வயலில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள், நானும் யாரோடும் பேச வேண்டாம், எஞ்சின் சத்தத்தில் பாட்டுக்கூடப் பாடலாம். அண்ணன் கல்யாணமாகி டிராக்டரோடு போய்விட்டான். இந்தக் கோடையும் எனக்கு அது வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

போன சனிக்கிழமை லீராய் விட்மர் வீட்டில் ஒரு பழைய டிராக்டர் விலைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டு உங்கள் அண்ணனும் ஐவன் மாமாவும் புறப்பட்டார்கள். ஐவன் மாமா அம்மாவுக்கு அண்ணன், டிராக்டர் விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்று சொல்லிக்கொள்கிறவர். குதிரையைப் பிடித்துக்கொள்ள நான். டிராக்டரைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அண்ணன் டிராக்டரோடு கூடப்பிறந்தது போல அதே சிவப்பு, அதே இருக்கை, ஐந்து முன் கியர், ஒரு பின் கியர், ஒரே கியர் கம்பி. கம்பியின் தலையில் இருந்த எண்கள் மட்டும் தேய்ந்து மொழுமொழு என்று இருந்தன. விட்மர் அதைச் சபைக்கு வெளியே உள்ளவர்களின் ஏலத்தில் எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது, ரப்பர் டயரைக்கூட இன்னும் கழற்றவில்லை. சபைச் சட்டப்படி இரும்புச் சக்கரம் மாட்டுவது வாங்குகிறவர் பொறுப்பாம்.

விட்மர் ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு கியராகப் போட்டுக் காட்டினார். முற்றம் சின்னது, ஆகவே கியரைப் போடுவார், நாலு அடி நகர்வார், நிறுத்துவார். நாலாவது என்று நினைத்துக் கம்பியை வலப்பக்கம் பின்னால் இழுத்தார், விழுந்தது. கடைசியாக வலப்பக்கம் முன்னால் தள்ளினார். போகவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். போகவில்லை. எந்த ஊரிலும் இந்த இடத்தில் வாங்க வந்தவர்களுக்கு முகம் சுருங்கும். நம் ஆட்களுக்கு மலர்ந்தது, அத்தை!

“அட, ரோடு கியரை அடைச்சிருக்காங்கப்பா!” என்றார் ஐவன் மாமா.

“நானும் அதான் நெனச்சேன்” என்றார் விட்மர். “முன்னாடி நம்ம சபைக்காரங்க யார்கிட்டயோதான் இருந்திருக்கணும்.”

“நமக்கு ஒரு வேலை மிச்சம். யாரோ பயபக்தியுள்ள மனுஷன் வச்சிருந்த வண்டி” என்றார் உங்கள் அண்ணன்.

ஒரு கியர் வேலை செய்யவில்லை என்பதற்காக ஒரு டிராக்டரைப் புகழ உலகத்தில் நம்மால்தான் முடியும். ரோட்டில் வேகமாகப் போகக் கூடாது என்று கடைசிக் கியரை அடைத்துவைப்பது நம் வழக்கம், சரி. ஆனால் அந்தக் கடைசிக் கியர் எங்கே இருக்கிறது? வலப்பக்கம் பின்னால் இழுத்தால்தான் அது. முன்னால் தள்ளினால் நாலாவது, புல் வாருகிற கியர். இரண்டு கோடை காலம் அந்தக் கம்பியைப் பிடித்த என் கைக்குத் தெரியும். ஆக, சாக வேண்டியது உயிரோடு இருக்கிறது, உயிரோடு இருக்க வேண்டியது செத்துக்கிடக்கிறது. இந்த மூன்று பேரும் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் உங்கள் அண்ணனின் சட்டைக் கையை இழுத்தேன். “அப்பா...”

“என்னம்மா, பசிக்குதா?”

இன்னொரு முறை இழுத்தேன். “குதிரை அவுந்துக்கிச்சா?” என்றார். மூன்றாவது முறை ஐவன் மாமா முந்திக்கொண்டு உங்கள் அண்ணனிடம் சொன்னார். “புள்ளைக்குச் செவப்புக் கலர் புடிச்சுப்போச்சு போல, ஏமோஸ். வாங்கிரு, வாங்கிரு!” எல்லோரும் சிரித்தார்கள். நாலு சொல், அத்தை. “அது ரோடு கியர் இல்லை.” அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சிரிக்க மட்டும் அவர்களுக்கு வருகிறது. பிறகு விட்மரின் மனைவி கூப்பிட, விலைப் பேச்சை முடிக்க மூவரும் ஆப்பிள் பை பலகாரம் தின்ன உள்ளே போய்விட்டார்கள். எனக்கு ஒரு துண்டுகூட வெளியே வரவில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் டிராக்டர் வந்துவிடும், கோடை எனக்குத்தான். ஆனால் எதை வைத்துப் புல் வாருவது? மூன்றாவதில் ஆமை போல ஊர்ந்தால் மழைக்கு முன்னால் பாதி வயல்கூட முடியாது. உங்கள் அண்ணன் தெரியாமல் ஏமாறுவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. என் கை தப்பாகவும் இருக்கலாமே, ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று குதிரையைக் கட்டிவிட்டு ஏறி எஞ்சினைக் கிளப்பினேன். கம்பியை வலப்பக்கம் பின்னால் இழுத்தேன். வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. கிளட்சிலிருந்து காலை எடுத்தேன்.

அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. முற்றம் போனது, கோழிகள் போயின, தபால் பெட்டி போனது, நான் தார் ரோட்டில் இருந்தேன். கிளட்சை மிதித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மிதித்தேன், இரண்டாவது வளைவு தாண்டி. அதுவரை எனக்குக் கால் இருப்பதே நினைவில்லை. நடுவில் பிரசங்கியார் மோசஸ் ஹூவரின் குதிரை வண்டி போய்க்கொண்டிருந்தது. நான் அதை முந்தினேன். நம் பெண்களில் ஒரு பிரசங்கியாரை ரோட்டில் முந்தியவள் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. மரியாதைக்குத் தலையை மட்டும் தாழ்த்தினேன். தலைத்துணியின் நாடா ஒன்று என் வாய்க்குள் இருந்ததால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. திரும்பி வரும்போது முதல் கியரில் வந்தேன். ஒரு மைல் தூரம், அவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு எனக்குப் பின்னால் சவ ஊர்வலம் மாதிரி வந்தார்.

முற்றத்தில் மூவரும் பலகாரத் தட்டோடு நின்றார்கள்.

“லூயெல்லா! ரப்பர் டயர்ல ரோட்டுல போற அளவுக்கு ஆயிட்டியா நீ?” என்றார் உங்கள் அண்ணன்.

“ஏலே விட்மர், ரோடு கியரு அடைச்சிருக்குன்னு போன வாரம் எங்கிட்ட சொன்னியே?” என்றார் பிரசங்கியார்.

“அடைச்சுத்தாங்கய்யா இருக்கு!”

“அப்ப என்னைத் தாண்டிப் போனது என்ன? காத்தா?”

அப்போதுதான், அத்தை, என் வாய் திறந்தது. “அது நாலாவது!” கட்டியிருந்த குதிரை நிமிர்ந்து பார்த்தது. “அடைபட்டிருக்குறது நாலாவது! புல் வார்ற கியர்! அஞ்சாவது நல்லாவே இருக்கு, நான் இப்பதான் அதுல போயிட்டு வர்றேன்!”

இதற்கு எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? ஐவன் மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டு, “இதை முன்னாடியே சொல்லத் தெரியாதா உனக்கு?” என்றார். சொல்ல விட்டார்களா? விட்மர் முகம் சிவந்து, எனக்குச் சத்தியமாகத் தெரியாது என்றார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. உங்கள் அண்ணன் டிராக்டர் வேண்டாம் என்றார். வீட்டில் அம்மா கேட்டது ஒரே கேள்வி: “அப்ப லூயெல்லா துணியை எடுத்து வைக்கட்டுமா?” உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது இது. டிராக்டரில் ஏறும்போதே இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தெரியும், அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆகவே வருகிறேன். பாத்திரம் கழுவுகிறேன், எட்டுப் பேருக்கும் தலை வாரிவிடுகிறேன். ஒரே நிபந்தனை: டிராக்டர் பேச்சை என்னிடம் யாரும் எடுக்கக் கூடாது. இனி இந்த ஜென்மத்தில் ஒரு டிராக்டரையும் தொடுவதாக இல்லை.

உங்களுக்கு நல்ல சுகப்பிரசவம் ஆக தினமும் ஜெபிக்கிறோம். மாமாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அனைவரின் அன்பு. கர்த்தர் உங்கள் வாசலையும் வயலையும் காப்பாராக.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
லூயெல்லா நோல்ட்

பி.கு. சனிக்கிழமை. தபால்தலை தீர்ந்துபோனதால் கடிதம் இங்கேயே கிடந்தது, நல்லதாகப் போயிற்று. நான் வரவில்லை. எட்னா வருகிறாள், அவளுக்கு ரொட்டி சுடத் தெரியாது, மன்னிக்கவும். வியாழக்கிழமை விட்மர் கொல்லரைக் கூப்பிட்டுக் கியர் கம்பியின் அடியில் இருந்த தோல் மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். உள்ளே எலி கொண்டுவந்து செருகிய ஒரு மக்காச்சோளக் கட்டை. எடுத்ததும் நாலாவது ஒழுங்காக விழுந்ததாம். அப்பா வாங்கிவிட்டார். செத்துக்கிடக்கிறது என்று நான் மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். இனி தொடுவதில்லை என்றதையும். அம்மாவின் முழங்கால் பற்றி எழுதியது மட்டும் உண்மை.

இன்று காலை கொல்லர் பட்டறையில் டிராக்டரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். பிரசங்கியாரும் வந்திருந்தார். “எந்தக் கியரை அடைக்கணும்னு எங்க யாரையும் கேக்காதே. அந்தப் புள்ளையைக் கேளு” என்று கொல்லரிடம் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வழக்கம் போல வாயைத் திறக்கவில்லை, வலப்பக்கம் பின்னால் என்று கையால் காட்டினேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அத்தை, அந்தத் தார் ரோடு நினைவுக்கு வந்து, கை கொஞ்சம் தாமதமாகத்தான் போனது.