முப்பத்தேழு சிவக்கும் சட்டை

ஞாயிற்றுக்கிழமை என்றால் கிளீவ்லாந்து மைதானத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில், காலை ஒன்பது மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் என்னவோ ஒரு மணிக்குத்தான். ஊர் அணி தோற்பது நிச்சயம், வயிறாவது நிறையட்டும் என்ற முன்யோசனை. அந்த ஆட்டப் பருவத்தில் மட்டும் அடுப்புகளை ஆளில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டம் டியூக் லாசிட்டரின் வேன் முன்னால் முண்டியடித்தது.

டியூக் விற்றது சட்டை. நெஞ்சில், செத்துப்போன பழைய வீரர் ஆடிஸ் கிராபோவின் முகம். அதன்கீழ் சாம்பல் நிறத்தில் அவருடைய எண், 37. இடித்துத் தள்ளிய பழைய மைதானத்து மண்ணைக் குழைத்த மையாம். ஆடிஸின் ஆவி இறங்கினால் எண் சிவக்குமாம். வாங்கியவரை டியூக் கட்டிப்பிடித்து ஒரு நிமிடம் முனகுவான். விலகினால் எண் ரத்தச் சிவப்பு! பெரிய மனிதர்களெல்லாம் தேம்பி அழுதார்கள். சட்டையைத் துவைக்கக் கூடாது என்று ஒரு விதி வேறு. அதைச் சொல்லவே வேண்டாம். அணி ஜெயிக்கும்வரை துவைக்க மாட்டோம் என்பார்கள் இந்த ஊரார். ஜெயித்துவிட்டால் ராசி போய்விடும் என்று அப்போதும் துவைக்க மாட்டார்கள்.

பெர்னடெட்டும் சட்டை அச்சிடுபவள்தான். ஊர்ப் பாலம், ஆவி பறக்கும் பிரோகிக் கொழுக்கட்டை, எண்பதுகளின் டிவி மல்யுத்தக்காரர் என்று வரைந்து தள்ளுவாள். அவள் சட்டைகள் அற்புதம் எதுவும் செய்யாததால் அந்தப் பருவத்தில் சீந்துவாரில்லை. வயிற்றெரிச்சல் இருந்தது, இல்லையென்பானேன்? ஆனால் ஒரு ஞாயிறன்று அவளைக் கொதிக்கவைத்தது தம்பி ரோமன். ஆவி முதன்முதலில் இறங்கியது இதில்தான் என்று டியூக் போட்டிருந்த ‘முதல் சட்டை’க்காக, மைதானத்தில் அப்பா விட்டுப்போன இரண்டு நிரந்தர இருக்கைகளையும் எழுதிக்கொடுக்கப் பேனாவோடு நின்றான்.

“டேய், அதுல ஒண்ணு என் சீட்டுடா!”

“அந்தச் சட்டை வந்தா கோப்பையே வரும்க்கா.”

“வந்தா எங்கடா உக்காந்து பாப்ப? கூரை மேலயா?”

ரோமன் பேனா மூடியைத் திறந்தான். “நீ போட்டிருக்கியே, அதக் கழட்டு” என்றாள். குளிரில் நடுங்கிக்கொண்டே கழற்றினான். நாற்றம் மூக்கைத் துளைத்தது. பக்கத்து அடுப்பில் கொதித்த பீன்ஸ் குழம்புப் பானையின் மூடிமேல் அதை விரித்தாள். எண் சிவந்தது.

“பாத்தீங்களா! குழம்புலயும் ஆவி இறங்குது!” என்று டியூக் கத்தினான். கூட்டம் பானையைக் கும்பிடாத குறைதான்.

பெர்னடெட் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, ஓசித் தீனிக்கு வந்து நின்ற மஞ்சள் தொப்பிக்காரரைப் பிடித்தாள். பிட்ஸ்பர்க் அணியின் ரசிகர், பரம வைரி.

“அண்ணே, இத உள்ள போட்டு ஜாக்கெட்ட மூடிக்கங்க. அம்பது எண்ணுவோம்.”

எண்ணி முடித்ததும் அவர் ஜாக்கெட்டைத் திறந்தார். தகதகவென்று சிவப்பு.

ஆவி பானைக்குள் புகுந்ததைப் பொறுத்தவர்களால் இதைப் பொறுக்க முடியவில்லை.

“ஆடிஸ் பிட்ஸ்பர்க்காரனுக்கு வேலை செய்வாரா?” ஒரு கிழவர் அலறினார். “யோவ் டியூக், என்னய்யா இது?”

பெர்னடெட் ஒரு கை பனியை அள்ளி எண்மேல் அப்பினாள். ஆவி ஓடிப்போய்ச் சாம்பல் திரும்பியது.

“மேல சாம்பல் மை. சூடு பட்டா மறைஞ்சு கீழ இருக்கிற சிவப்பு தெரியும். குழந்தைங்க பால் குடிக்கிற கோப்பைக்கு நானே இதத்தான் அடிக்கிறேன். சுடுதண்ணில நாலு தடவ துவைச்சா மை செத்துடும், அதான் துவைக்காதேன்னான்.”

டியூக்கின் வேன் கிளம்பிய வேகத்தில் நம் அணி ஒருநாளும் ஓடியதில்லை. ரோமன் பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மதியம், அப்பாவின் இருக்கைகளில் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருக்க, அணி வழக்கம்போல் தோற்றது.

“நீ சட்டையச் சோதிச்சதாலதான்க்கா” என்றான் ரோமன்.

“நாப்பது வருஷமாத் தோக்குதே, அப்பல்லாம் யாருடா சோதிச்சா? வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டையத் துவை. தலைக்குள்ள இருக்கிற மூளைய மட்டும் அப்படியே வச்சுக்க, அது நீ இன்னும் போடாத புதுசு.”